மன்னாரில் என்றால் எங்கே?

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், இரவுப் பணியில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் வந்த செய்தி இரண்டே வரிகள். மன்னாரை அடுத்த கடலில் மீன்பிடிப் படகொன்று கவிழ்ந்துவிட்டது. ‘ஓஃப் மன்னார்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் ‘மன்னாரில் படகு கவிழ்ந்தது’ என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, மன்னாரில எண்டால் எங்கை? இறங்குதுறையிலயோ, களப்பிலயோ, வெளிக்கடலிலயோ? கரையில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு அதுதானே செய்தி.”

எனக்குப் பதில் இருக்கவில்லை. அகராதியில் ‘ஓஃப்’ என்பதற்குப் பல பொருள்கள் இருந்தன. எனக்கு வேண்டியது எதுவென்று தெரியவில்லை. கரையை விட்டு விலகி, ஆனால் கரையின் பெயராலேயே அறியப்படும் கடற்பரப்பை ஆங்கிலேயன் ஓரசையிற் சொல்லிவிடுகிறான். நமக்கு ‘மன்னார்க் கரைக்கு அப்பால், கடலில்’ என்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கில முன்னிடைச் சொற்களுக்கு மன்னாரைப் போல நல்ல பாடசாலை கிடையாது. மன்னார் நகரம் என்றால் ‘இன்’. மன்னார்த் தீவு என்றால் ‘ஒன்’. தலைமன்னார் இறங்குதுறையில் ஒருவரைச் சந்திப்பதென்றால் ‘அட்’. முத்துச்சிப்பிப் பார்கள் கிடக்கும் கடல் என்றால் ‘ஓஃப்’. நகரத்தை ஒரு கொள்கலனாகவும், தீவை ஒரு தளமாகவும், துறையை ஒரு புள்ளியாகவும் அந்த மொழி பார்க்கிறது. நமது ‘இல்’ உருபோ இவை எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் போட்டுவிடும். நகரில், தீவில், துறையில், கடலில். இதில் நமக்குக் குறையொன்றும் இல்லை; எது உள்ளே, எது மேலே என்பதைப் பெயர்ச்சொல்லே சொல்லிவிடுகிறது என்று தமிழ் நம்பி விட்டுவிடுகிறது. ஆனால், இந்த நம்பிக்கையோடு ஆங்கிலம் எழுதப் போகும் தமிழ்ப் பிள்ளைதான் பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடு வாங்குகிறது.

அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆறுதலுண்டு. நாம் ஆங்கில முன்னிடைச் சொற்களிற் படும் பாட்டை, ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கடலின் இரு கரைகளிலும் ஐரோப்பியர் நமது வேற்றுமையுருபுகளிற் பட்டார்கள்.

1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. சிறிதளவு போர்த்துக்கேய மொழி அறிந்த உள்ளூரவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்தார். மக்களுக்கும் ஓதிக் கொடுத்தார். விசுவாசப் பிரமாணமும் அவற்றுள் ஒன்று. 1544ஆம் ஆண்டு தம்முடன் பணியாற்றிய பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். ‘வேணும்’ என்று சொல்லாதீர். அதற்கு ‘விரும்புகிறேன்’ என்று பொருள். விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே சொல்ல வேண்டும். அதே கடிதத்தில் ‘ஆலே’ என்று முடியும் இன்னொரு சொல்லையும் நீக்கச் சொல்கிறார். அது வலுக்கட்டாயத்தால் என்று பொருள்படுமாம். கிறிஸ்துவோ தம் சித்தத்தோடு பாடுபட்டவர்.

இத்திருத்தத்தைக் கவனித்துப் பார்த்தால் அதில் ஒரு வினைச்சொல் மட்டும் மாறவில்லை என்பது விளங்கும். ‘வேணும்’ என்றால் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமை வரவேண்டும். ‘விசுவசிக்கிறேன்’ என்றால் ‘நான்’ என்று எழுவாய் வேண்டும். வினை மாறியதும் வாக்கியத்தின் தூண்களெல்லாம் இடம் மாறுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. லத்தீன் விசுவாசப் பிரமாணத்தில் கடவுள் என்ற சொல்லுக்கு முன்னால் ‘இன்’ என்ற முன்னிடைச் சொல் நிற்கிறது. போர்த்துக்கேயத்தில் அதுவே ‘எம்’. ஆங்கிலத்தில் மீண்டும் ‘இன்’. அந்தச் சிறு சொல் வெறும் ஒட்டு அல்ல என்று புனித அகுஸ்தீன் காலத்திலிருந்தே இறையியலாளர் விளக்கி வந்துள்ளனர். கடவுள் உண்டென்று நம்புவது ஒன்று. கடவுள் சொல்வதை நம்புவது இன்னொன்று. கடவுளிடம் தன்னை ஒப்புவித்து நம்புவது வேறொன்று. மூன்றாவதைக் காட்டத்தான் அந்த ‘இன்’. இன்றைய ஆங்கிலத்திலும் ‘பிலீவ் ஹிம்’ என்றால் அவர் சொல்வதை நம்பு. ‘பிலீவ் இன் ஹிம்’ என்றால் அவரையே நம்பு. தமிழ்ச் செபம் ‘சர்வேசுரனை’ என்று இரண்டாம் வேற்றுமையில் அமைந்தது. லத்தீனில் முன்னால் நின்ற சொல் தமிழில் மறைந்து, அதன் வேலையை ‘ஐ’ உருபும் வினையின் பொருளும் பங்கிட்டுக் கொண்டன.

சவேரியார் இத்திருத்தத்தை எழுதிய அதே 1544ஆம் ஆண்டில், அவர் அனுப்பிய குரு ஒருவர் மன்னாரில் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி படையோடு வந்து, மதம் மாறியவர்களுள் சுமார் 600 பேரைக் கொல்வித்தான் என்பது வரலாறு. மன்னார்த் தீவின் தோட்டவெளியில் அவர்களின் நினைவாகத் திருத்தலம் உண்டு. மொழிபெயர்ப்பாளன் ஒருவன் சொற்பிழைக்காக நாணுகின்றபோதெல்லாம் அந்த ஆண்டு எனக்கு நினைவுக்கு வரும்.

சவேரியார் விட்ட இடத்தில் தொடங்கியவர் என்ரிக்கே என்ரிக்கஸ். தமிழர் அண்ட்ரிக் அடிகளார் என்று அழைத்த யேசு சபைக் குரு. 1520இல் போர்த்துக்கல்லின் விலா விசோசாவிற் பிறந்தவர். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமக்குப் பின் வருவோருக்குப் பயன்படுமாறு தமிழுக்கு ஓர் இலக்கணம் செய்யச் சவேரியார் பணிக்க, இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். போர்த்துக்கேயர் தமிழை ‘மலபார் மொழி’ என்றே குறித்தமையால் நூலின் பெயரும் அதையொட்டியே அமைந்தது. தமிழ்ச் சொற்களைப் பெரும்பாலும் உரோம எழுத்திலேயே எழுதியிருக்கிறார். லத்தீன் அறியாதவர்கள், ஜோவா த பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணத்தை முதலிற் படித்துவிட்டு வரட்டும் என்று ஆலோசனையும் சொல்கிறார். பிறமொழியைக் கற்குமுன் தன் மொழி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள் என்பதே இதன் பொருள். நமது ஆங்கில வகுப்புகளில் இந்த முதற்படியைக் காண்பது அரிது.

லத்தீனுக்கு ஆறு வேற்றுமைகள். தமிழுக்கு எட்டு. லத்தீனில் ‘இன்’ என்ற ஒரே முன்னிடைச் சொல், அடுத்து வரும் பெயரின் வேற்றுமையைப் பொறுத்து ஒருமுறை ‘உள்ளே இருத்தல்’ என்றும், இன்னொருமுறை ‘உள்ளே செல்லுதல்’ என்றும் பொருள் தரும். தமிழனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மன்னாரில் இருந்தான், மன்னாருக்குப் போனான். உருபே வேறு. மறுபுறம், போர்த்துக்கேயன் பெயருக்கு முன்னால் வைத்துப் பழகிய அத்தனையையும் தமிழிற் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். திராவிட மொழிகள் முன்னிடைச் சொற்களின் இடத்திற் பின்னிடைச் சொற்களைக் கொள்வதைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தில் அவற்றின் தனி இயல்புகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்த வேறுபாட்டை அடிகளார் தம் நாவினால் அனுபவித்திருந்தார்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியபோது, முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள் பலர் இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். அடிகளாரும் அவர்களோடு வந்து, சில ஆண்டுகள் மன்னாரிற் பணியாற்றிவிட்டுப் புன்னைக்காயல் திரும்பினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. பதினாறே பக்கங்கள், இந்திய மண்ணிற் தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூல். 1600இல் காலமானார்.

ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலிலும் தமிழ் பற்றிய சிறு அறிமுகம் ஒன்றுண்டு. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அதன் பின்னர் பாடம் தலைகீழாயிற்று. அவர்கள் நமது மொழியைக் கற்றதை விட, நாம் அவர்களது மொழியைக் கற்க வேண்டிய தேவையே பெரிதாயிற்று.

மன்னார்க் கடலைப் பற்றி ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர் 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து பாகங்களாக ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் தலைப்பைப் பாருங்கள்: ‘ரிப்போர்ட் டு த கவர்ன்மெண்ட் ஒவ் சிலோன் ஒன் த பேர்ல் ஒயிஸ்டர் பிஷரீஸ் ஒவ் த கல்ஃப் ஒவ் மனார்’. ஐந்து முன்னிடைச் சொற்கள். தமிழிற் சொல்வதானால், ‘மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிக் குளிப்புக் குறித்து இலங்கை அரசுக்கு அளித்த அறிக்கை’. முதலில் நின்ற அறிக்கை கடைசிக்குப் போயிற்று. கடைசியில் நின்ற மன்னார் முதலுக்கு வந்தது. மூன்று ‘ஒவ்’களும் தொகையாகி மறைந்தன. ‘டு’ என்பதற்குக் ‘கு’ வந்தது. ஆனால் அது தனியே நிற்க மாட்டாமல் ‘அளித்த’ என்றொரு வினையைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. ‘ஒன்’ என்பது ‘குறித்து’ ஆயிற்று. மேலே என்ற பொருள் மருந்துக்கும் இல்லை.

நமது பாடசாலைகளில் ‘இன் என்றால் இல், ஒன் என்றால் மேல், டு என்றால் கு’ என்றுதான் பெரும்பாலும் படித்தோம். அந்த வாய்பாட்டை நம்பியவன் ‘அவர்மேல் கோபம்’ என்பதற்கு ‘ஒன்’ போடுவான். ஆங்கிலம் ‘வித்’ கேட்கும். ‘நாய்க்குப் பயம்’ என்பதற்கு ‘டு’ போடுவான். அங்கே ‘ஒவ்’ வேண்டும். ‘அவரோடு கலியாணம்’ என்பதற்கு ‘வித்’ போடுவான், அங்கேதான் ‘டு’. இது மூடத்தனத்தால் வரும் பிழை அன்று. தன் மொழியின் இலக்கணத்தைப் பிசகாமற் பின்பற்றுவதால் வரும் பிழை. ஓர் உருபு இன்னொன்றின் பொருளில் வந்து மயங்கும் என்பதற்கென்றே தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என ஓரியல் உண்டு. தமிழுக்குள்ளேயே உருபும் பொருளும் ஒன்றுக்கொன்றாய்ப் பொருந்துவதில்லை என்றால், கடல் கடந்த மொழியோடு எப்படிப் பொருந்தும்?

சொல்லோடு சொல் பொருத்துவதால் அடிகளார் தமிழ் கற்கவில்லை. அக்கரையிற் பணியாற்றிய குருமார் தமக்குள்ளும் தமிழிலேயே உரையாட வேண்டும், தவறுவோர் தவம் செய்ய வேண்டும் என்று அவர்கள் ஒரு விதி வகுத்திருந்ததை அவருடைய கடிதம் தெரிவிக்கிறது. உணவு மேசையிலும் படகிலும் கடற்கரையிலும் ‘இல்’, ‘கு’, ‘ஆலே’ எல்லாம் தத்தம் வினைகளோடு சேர்ந்தே அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் எழுதிய இலக்கணத்தின் கைப்பிரதி லிஸ்பனின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஹான்ஸ் ஃபெர்மேயர் 1982இல் அதைப் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளியாயிற்று. ‘இல்’ என்பது எங்கெங்கே வரும் என்று போர்த்துக்கேயருக்கு அவர் விளக்கியதை, இப்போது ஆங்கிலத்தில், ‘இன்’னும் ‘ஒன்’னும் ‘அட்’டுமாகப் படிக்கலாம்.