கீழாநெல்லியும் ஒரு துணைவேந்தரும்

பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் மழைக்குப் பின் வயல் வரப்புகளிலும் கொல்லைப்புறங்களிலும் தானே முளைத்து நிற்கும் கீழாநெல்லியை அறியாதார் இலர். இலையின் கீழே நெல்லி போன்ற சிறு காய் காய்த்தலின் இப்பெயர் பெற்றது. வைத்திய நூலார் கீழ்க்காய்நெல்லி என்பர். காமாலை கண்டார்க்கு இதனை அரைத்து மோரிற் கலந்து கொடுத்தல் நம் குடும்பங்களில் வழிவழி வந்த வழக்கமாம். இவ்வழக்கினை ஆராய்ச்சிக்கு உட்படுத்திய தமிழரொருவர் பின்னர்ச் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயினார். அவர் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் அவர்கள்.

தரமணியில் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் பெயரால் விளங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அவர் நுண்ணுயிரியல் ஆசிரியராயிருந்தார். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸே அவரது ஆராய்ச்சிப் பொருள். அக்கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பர்க்கும் அவரோடு கூடி உழைத்தார். 1988-இல் இலண்டன் 'லான்செட்' இதழில் இவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகோர் கவனத்தை ஈர்த்தது. நோய்க்குறி தோன்றாமலே கிருமியை உடலில் தாங்கியிருந்தோருள் ஒரு சாரார்க்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு சாரார்க்கு மருந்தல்லாத வெறும் பொடியும் 30 நாள் கொடுக்கப்பட்டன. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேர் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரிலோ ஒருவர்க்கே மறைந்தது.

பாட்டியின் கைம்மருந்து வென்றதென நாம் மகிழ்ந்தது இயல்பே. ஆயினும் தாய்லாந்திலும் நியூசீலந்திலும் பின்னர் நிகழ்ந்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. ஆதலின் இம்மூலிகை அந்நோய்க்கு உறுதிப்பட்ட மருந்தென இன்றளவும் ஏற்கப்பட்டிலது. இஃது அவர்தம் உழைப்புக்கு இழுக்கன்று என்பது எம் துணிபு. புகழ்ந்தும் இகழ்ந்தும் பேசுவதோடு நாம் நிறுத்திக்கொண்ட ஒன்றனைப் பிறர் சரிபார்க்கத்தக்க கணக்காக்கி உலகின் முன் வைத்தவர் அவரே அன்றோ?

2003 முதல் 2006 வரை அவர் துணைவேந்தராயிருந்தார். லக்ஷ்மணசாமி முதலியாரும் மருத்துவரே. அவர் 1942 முதல் 27 ஆண்டுகள் வீற்றிருந்த அதே பீடம் அது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். கீழாநெல்லியால் காமாலை தீர்ந்ததெனக் கூறுவோர் பலர். நீராலும் உணவாலும் பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் தாமே தணிவன. புகழ் மூலிகைக்குச் சென்றுவிடுகிறது. பி வகையோ இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்திற் தாயினின்று சேய்க்கும் பரவுவது. கண் மஞ்சளியாமலே பல்லாண்டு உள்ளிருந்து ஈரலைச் சுருக்கவும் புற்றுநோய் விளைக்கவும் வல்லது. சிசுப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்குவதில்லை. இதனைத் தடுக்கும் ஊசி இந்திய அரசின் திட்டத்தில் 2002-இல் சிலவிடங்களிலும், 2011-இல் நாடெங்கிலும் சேர்க்கப்பெற்றது. சேய் பிறந்த 24 மணி நேரத்துள் முதல் ஊசி இடப்பெறல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணமில்லை.