பேப்பர் கிராஃப்ட் தெரியுமா? கல்யாணப் பத்திரிகை டிசைனில் காசு பார்க்கலாம்... கணக்கு தெரிந்தால்!

குவில்லிங் கம்மல், ஓரிகாமி கொக்கு, ஃப்ரெண்டு பிறந்தநாளுக்கு பாப்-அப் கார்டு என்று கத்தரிக்கோலும் கலர் பேப்பருமாகவே இருக்கும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்த டயலாக் ஒருமுறையாவது உங்கள் காதில் விழுந்திருக்கும்: ''இவ்ளோ அழகா பண்றியே, இதையே பிசினஸா பண்ணலாமே!''

பண்ணலாம். அதுவும் இன்விடேஷன் டிசைனுக்கு இப்போது நல்ல வாய்ப்பு. தூரத்துச் சொந்தங்களுக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கும் வாட்ஸ்அப்பிலேயே அழைப்பு போய்விடுகிறது. அதனால் பல வீடுகளில் அச்சடிக்கும் பத்திரிகையின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால், தாம்பூலத் தட்டில் வைத்து நேரில் கொடுக்கும் பத்திரிகை மட்டும் ஸ்பெஷலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். 'எண்ணிக்கை கம்மி, அழகு அதிகம்' என்ற இந்த இடம்தான் கைவேலை தெரிந்தவர்களுக்கானது.

ஒரே ஒரு சிக்கல். ஆசையாக ஒரு கார்டு செய்வது வேறு. அதே கார்டை 200 முறை, சொன்ன தேதிக்குள், ஒன்றுபோலச் செய்து கொடுப்பது வேறு. பலரும் சறுக்குவது கலையில் அல்ல, இந்தக் கணக்கில்தான். எனவே டிசைனுக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம்.

உங்கள் நேரத்துக்கு என்ன விலை?

ஒரு கார்டுக்குக் கைவேலை 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 200 கார்டுக்கு 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். டிசைன் செய்யவும், வாடிக்கையாளரிடம் பேசித் திருத்தவும் இன்னொரு 10 மணி நேரம். மொத்தம் 50 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு வார முழுநேர வேலை!

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. (உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.)

* பேப்பர், கவர், பிரின்டிங் சேர்த்து ஒரு கார்டுக்கு 40 ரூபாய். சேதாரத்துக்கு 10 சதவிகிதம் கூடுதலாக, 220 கார்டுக்கு: 8,800 ரூபாய்
* உங்கள் உழைப்பு, மணிக்கு 100 ரூபாய் வீதம் 50 மணி நேரம்: 5,000 ரூபாய்
* ஆட்டோ, கூரியர், கரன்ட்: 600 ரூபாய்
* அடக்க விலை: 14,400 ரூபாய்
* 25 சதவிகிதம் லாபம்: 3,600 ரூபாய்
* மொத்தம்: 18,000 ரூபாய். ஒரு கார்டு 90 ரூபாய்.

''90 ரூபாயா? 60-க்குத் தர மாட்டீங்களா?'' என்று கேட்பார்கள். முதல் ஆர்டர் போய்விடக் கூடாதே என்ற பதற்றத்தில் தலையாட்டினால் என்ன ஆகும்? 12,000 ரூபாய் வரும். பொருளுக்கும் இதர செலவுக்கும் 9,400 போக, கையில் நிற்பது 2,600 ரூபாய். 50 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 52 ரூபாய். ராத்திரி கண் விழித்து, விரல் முழுக்க ஃபெவிகால் ஒட்டியதற்கான கூலி அது. இப்படி நாலு ஆர்டர் செய்தால், பிடித்த வேலையே பிடிக்காமல் போய்விடும்.

விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள்!

பட்ஜெட் இடித்தால், கூலியில் கைவைக்காமல் டிசைனை மாற்றுங்கள். எல்லா கார்டையும் கையால் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சம்பந்தி வீடு, தாய்மாமன், நெருங்கிய பெரியவர்கள் என 25 பேருக்கு முழுக் கைவேலைப் பத்திரிகை. மீதி 175 பேருக்கு அதே டிசைனை அச்சில் கொண்டுவந்து, ஒரு நூல் முடிச்சோ, ஒட்டும் ஒரு பூவோ மட்டும் கையால். அந்த முடிச்சுக்கு 3 நிமிடம் என்றால், 175 கார்டுக்கு 8 மணி 45 நிமிடம். முதல் 25-க்கு 12 நிமிடம் வீதம் 5 மணி நேரம். 40 மணி நேர வேலை 14 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வாங்குபவருக்கும் விலை குறைகிறது, உங்கள் கூலியும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயம், டிசைன் கட்டணத்தைத் தனியாகப் போடுங்கள். 50 கார்டு கேட்டாலும் 500 கேட்டாலும் டிசைன் செய்யும் நேரம் ஒன்றுதான். அதைக் கார்டு விலைக்குள் ஒளித்து வைத்தால், சின்ன ஆர்டரில் நஷ்டம் உங்களுக்கே.

பேப்பரைப் பற்றி இதெல்லாம் தெரிந்திருக்கணும்

ஜி.எஸ்.எம்.: ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை, கிராமில். ஜெராக்ஸ் பேப்பர் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். பத்திரிகைக்கு 250 முதல் 300 வரை எடுத்தால் கையில் கெட்டியாக நிற்கும்.

இழை திசை: மெஷினில் செய்த பேப்பருக்கு ஒரு இழையோட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்தத் திசையில் மடிப்பு வந்தால் நேராக மடியும். எதிராக மடித்தால் கெட்டி அட்டையில் மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும். எதுவானாலும் முதலில் கோடு அழுத்தி (கடையில் 'கிரீசிங்' என்பார்கள்), அப்புறம் மடியுங்கள். வீட்டில் இதற்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவே போதும்.

ஷீட் கணக்கு: டிஜிட்டல் பிரின்டிங் கடைகளில் 12×18 இன்ச் ஷீட் சகஜம். 5×7 இன்ச் கார்டு என்றால் ஒரு ஷீட்டில் 4 வரும், 200 கார்டுக்கு 50 ஷீட். 'கொஞ்சம் பெருசா இருக்கட்டுமே' என்று 6×8 ஆக்கினால், வெட்டுவதற்கு விடும் ஓரத்தையும் சேர்த்து 2 மட்டுமே வரும். அதாவது 100 ஷீட்! ஒரு இன்ச் ஆசைக்கு இரட்டிப்புச் செலவு.

எடை: ஏ4 அளவு, 300 ஜி.எஸ்.எம். அட்டையை இரண்டாக மடித்தால், கார்டு மட்டுமே சுமார் 18.7 கிராம். கவரும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டிவிடும். தபாலில் 20 கிராமுக்கு ஒரு படி என்று கட்டணம் ஏறும். நிறைய கார்டுகள் தபாலில் போகின்றன என்றால், இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கே வாங்கலாம்? சென்னையில் என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. பேப்பர், கவர், ரெடிமேட் கார்டு எல்லாம் வரிசையாக இருக்கும். பழைய பருத்தித் துணியிலிருந்து தயாராகும் கைவினைக் காகிதத்துக்குப் புதுச்சேரி பிரபலம். ஆயிரக்கணக்கில் ஆஃப்செட் அடிக்க சிவகாசி. முதல் தடவை போகும்போது மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். சாம்பிள் ஷீட் வாங்கி, வெட்டி, மடித்து, பிரின்ட் போட்டுப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.

ஆரம்பத்தில் என்ன போதும்?

கட்டிங் மேட், ஸ்டீல் ஸ்கேல், நல்ல பேப்பர் கத்தி, டபுள் சைடு டேப், பசை, இரண்டு மூன்று பன்ச். அவ்வளவுதான். கிரிகட், சில்ஹவுட் போன்ற கட்டிங் மெஷின்களை ரீல்ஸில் பார்த்தால் கை பரபரக்கும். பொறுங்கள். லேசர் கட்டிங், டை கட்டிங், ஃபாயில் எல்லாம் வெளியில் ஜாப் ஒர்க்காகச் செய்து தருகிறார்கள். மெஷினின் விலையை ஆர்டர்கள் சம்பாதித்துக் கொடுத்த பிறகு வாங்கினால் போதும்.

மழைக்காலத்தில் கவனம். தண்ணீர் கலந்த பசை பேப்பரை நெளியவைக்கும், ஈரக்காற்று அட்டையைச் சுருளவைக்கும். பேப்பரைப் படுக்கவைத்து, பிளாஸ்டிக் கவரில் மூடி வையுங்கள்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க...

சில டிசைன் சாஃப்ட்வேர்களில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இந்திய மொழிகளுக்கான செட்டிங்கை முதலில் ஆன் செய்யுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை 'அவுட்லைன்' ஆக மாற்றினால், கடைக்காரரிடம் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது. படங்கள் 300 டி.பி.ஐ., நிறம் சி.எம்.ஒய்.கே., வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதல் என்ற மூன்றும் பழக்கமாகட்டும்.

இணையத்தில் கிடைக்கும் படத்தை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து. நம் நாட்டில் ஓவியங்களுக்கு, ஓவியர் வாழ்ந்த காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் காப்பிரைட் உண்டு. 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1976-ல் மறைந்த காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவின் ஓவியங்களுக்கு இன்னும் முடியவில்லை. இலவச ஃபான்ட்டிலும் 'வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா' என்று பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, நீங்களே வரைந்த கோலமும் வாழைமரமும்தான் உங்கள் அடையாளம்.

இது வெறும் கார்டு இல்லை, வீட்டு மரியாதை

பிறந்தநாள் கார்டில் எழுத்துப்பிழை வந்தால் சிரிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனால், மண்டபத்திலேயே பஞ்சாயத்து நடக்கும். அதனால் அச்சுக்குப் போகும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

* தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போகிறதா? காலண்டரை வைத்துப் பாருங்கள்.
* முகூர்த்த நேரம், நட்சத்திரம், லக்னம் ஆகியவை வீட்டார் எழுதிக்கொடுத்த தாளில் உள்ளபடியே இருக்கின்றனவா?
* இன்ஷியல், பட்டம், 'அமரர்' போன்ற சொற்கள் சரியான பெயருக்கு முன்னால் இருக்கின்றனவா?
* பெரியவர்கள் பெயர் வரிசை, அவர்கள் கொடுத்த வரிசைதானா?
* மண்டபத்துக்கான மேப் கியூஆர் கோடை இரண்டு போனில் ஸ்கேன் செய்து பார்த்தீர்களா?

பையன் ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார், அத்தை மூன்றாவதாக ஒன்று சொல்வார். எனவே, 'புரூஃப் ஓகே சொல்வது ஒரே ஒருவர்' என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து 'சரி, அச்சடிக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிய பிறகே பிரின்ட்.

பழக்க வழக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவும் வீடுகளுக்கு வழவழப்பான லேமினேஷன் போட்டுக் கொடுத்தால், மஞ்சள் பிடிக்காமல் வழியும். மூலையை வெறும் காகிதமாக விடுங்கள். கறுப்பு நிறம் உங்களுக்கு ஸ்டைல். தாத்தாவுக்கு அது துக்கச் செய்தி. சாமி படம் போட்ட கார்டு குப்பைக்குப் போகுமே என்று தயங்கும் வீடுகளும் உண்டு. எதையும் நீங்களாக முடிவுசெய்யாமல், முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

சொந்தக்காரர்களை எப்படிச் சமாளிப்பது?

''நம்ம வீட்டுக் கல்யாணம்தானே, நீயே பண்ணிக் கொடுத்துடு!'' என்று சித்தி சொல்வார். மறுக்க முடியாதுதான். அப்படியானால் பொருள் செலவை அவர்களிடம் வாங்கிக்கொண்டு, உழைப்பை மட்டும் உங்கள் கல்யாணப் பரிசாகக் கொடுங்கள். பில்லில் முழு விலையையும் எழுதி, 'உழைப்பு - அன்பளிப்பு' என்று கழித்துக் காட்டுங்கள். அடுத்து அவர் யாருக்காவது உங்களைச் சிபாரிசு செய்யும்போது உண்மையான விலையைச் சொல்வார்.

மற்றவர்களிடம் 50 சதவிகிதம் அட்வான்ஸ், இரண்டு முறை இலவசத் திருத்தம், அதற்கு மேல் கட்டணம், டெலிவரிக்கு முன் மீதிப் பணம். இந்த நாலையும் எழுதியே அனுப்புங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது?

இந்துக் கல்யாணங்கள் இல்லாத மாதங்கள் வரும். அப்போது நிக்காஹ், சர்ச் கல்யாணம், பிறந்தநாள் அழைப்பிதழ்களுக்கு முயற்சி செய்யலாம். கையால் செய்த மொய் கவர், நவராத்திரி, தீபாவளி கிஃப்ட் டேக் போன்ற சின்னப் பொருள்களும் கைகொடுக்கும். அடுத்த முகூர்த்த சீஸனுக்கான சாம்பிள்களைச் செய்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் ஏற்றவும் இதுதான் நேரம்.

பதிவு, வரி, கடன்

மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவுசெய்வது முற்றிலும் இலவசம். இதற்குப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. டிசைன் போன்ற சேவைக்கு அந்த வரம்பு 20 லட்சம். வெளி மாநிலத்துக்கு விற்பதாக இருந்தால் விதிகள் மாறும், ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்த வாரமே தொடங்க...

மூன்று சாம்பிள் செய்யுங்கள்: ஒன்று முழுக் கைவேலை, ஒன்று பாதி அச்சு பாதி கைவேலை, ஒன்று முழுக்க அச்சு. ஒவ்வொன்றையும் செய்யும்போது போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். அதே கார்டைத் தொடர்ந்து பத்து முறை செய்து பாருங்கள். பத்தாவது கார்டு முதல் கார்டைப் போலவே இருக்கிறதா? பத்துக்கும் ஆன நேரத்தைக் கூட்டி, பத்தால் வகுத்தால் எத்தனை நிமிடம்? அந்த நிமிடத்தை வைத்து விலைப் பட்டியல் போடுங்கள். யாராவது ''ஒரு கார்டு எவ்ளோங்க?'' என்று கேட்டால், தயங்காமல் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.