தேயிலை இறங்கிய வழியில்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றே அனலாகிவிடும். 2024 ஏப்ரல் இறுதியில் அங்கே வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கணவாயின் இந்தப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, உடுமலை. மலைத்தொடரைச் சுற்றிப் போனால் தேனி, போடி, கம்பம். எல்லா ஊரிலும் கோடையில் பேச்சு ஒன்றுதான்: எந்த மலைக்குப் போகலாம்? பள்ளி, கல்லூரி அடைத்த கையோடு கூட்டாளிகள் பணம் போட்டு வேன் பிடிக்கிறார்கள். பைக் வைத்திருப்பவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் மூணாறு.

அங்கே அவர்களுக்குப் பார்க்கக் கிடைப்பது ஐரோப்பியச் சாயல் கொண்ட ஒரு சிற்றூர். கருங்கல்லில் கட்டிய தேவாலயம், ஆங்கிலேயர் விட்டுப்போன கிளப், ஓட்டுக்கூரைப் பங்களாக்கள், பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தேயிலைச் சரிவுகள். படம் எடுப்பதற்கு அந்தப் பச்சையே போதும். ஆனால் மூணாறில் சுற்றுலாப் பயணி நின்று பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் வேடிக்கைக்காக உண்டானவை அல்ல. ஒரு காலத்தில் அவை வேலைத்தளங்கள். ஊரின் வரலாறு அந்த வேலைக்குள்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் மூணாறு மற்ற கோடை வாசஸ்தலங்களிலிருந்து வேறுபட்டது. வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேய அரசு 1864 முதல் சிம்லாவைக் கோடைத் தலைநகராக வைத்துக்கொண்டது. சென்னை மாகாண அரசு 1870இலிருந்து கோடைதோறும் உதகைக்கு ஏறியது. கொடைக்கானலை 1845இல் உண்டாக்கியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் வெப்பத்துக்கும் குடும்பங்களைப் பலிகொடுத்தவர்கள் அவர்கள். இந்த ஊர்களெல்லாம் ஓய்வுக்கென்றே பிறந்தவை. மூணாறு உழைப்புக்கென்று பிறந்தது. ஓய்வெடுப்பவர்கள் பின்னால் வந்தார்கள்.

முன்பு அந்த மலையில் யாருமே இல்லை என்று நினைப்பது தவறு. மறையூரில் பாறைப் பலகைகளை நிறுத்தி மூடிய பெருங்கற்காலக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. உள்ளூரார் அவற்றை முனியறை என்கிறார்கள். பெரியகானல் எஸ்டேட் பக்கம் ஈமத்தாழி ஒன்றும் கிடைத்திருக்கிறது. மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் முதுவர் குடிகள் காட்டின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர்கள். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்த அஞ்சுநாட்டில் தமிழ் பேசும் வேளாண்குடிகள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அந்த வட்டாரத் தலைவராக இருந்த கண்ணன் தேவன் என்பவரின் பெயரால்தான் கண்ணன் தேவன் மலை என்ற பெயர் நிலைத்தது. இன்று அந்தப் பெயர் தேயிலைப் பொட்டலத்தில் ஏறி வீடுதோறும் போகிறது.

1817இல் வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ அளவையாளர்கள் திருவிதாங்கூர் மலைகளை அளக்க வந்தார்கள். 1862இல் டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடியில் ஏறினார். 2,695 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம்தான் இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் மிக உயரமானது. 1870களில் ஹென்றி டர்னரும் அவருடைய தம்பியும் போடிநாயக்கனூர் கணவாய் வழியாக மேலே வந்தார்கள். திருவிதாங்கூரில் அலுவல் பார்த்த ஜான் டேனியல் மன்றோ அந்த நிலத்தின் மதிப்பை உணர்ந்தார். 1877இல் பூஞ்சாறு அரசரிடம் சுமார் 588 சதுர கிலோமீட்டர் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். முன்பணம் 5,000 ரூபாய். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய்.

முதலில் காப்பி, ஏலம், சின்கோனா என்று பலதும் நட்டுப் பார்த்தார்கள். 1880இல் பார்வதி என்ற இடத்தில் ஏ. எச். ஷார்ப் என்பவர் ஐம்பது ஏக்கர் அளவில் தேயிலை வைத்தார். மலைக்கு அது பிடித்துப்போயிற்று. 1895இல் ஃபின்லே மியூர் நிறுவனம் நுழைந்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் ப்ரொடியூஸ் கம்பெனி உருவாயிற்று.

நட்டவர் யார் என்ற கேள்விக்கு ஏட்டில் துரைகளின் பெயர்கள் இருக்கின்றன. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலும் மதுரைச் சீமையிலும் பஞ்சம் வாட்டிய ஊர்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். குடும்பம் குடும்பமாக, சட்டிபானையோடு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, போடியிலிருந்து குரங்கணி வழியாக அவர்கள் மலையேறினார்கள். குளிரும் அட்டையும் காய்ச்சலும் அவர்களை வரவேற்றன. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, சரிவில் வரிசை பிடித்துச் செடி நட்டது அந்தக் கைகள். தங்கக் கிடைத்தது லயம்: ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய ஒற்றை அறை வீடுகள்.

சாவு துரைமார் வீட்டையும் விடவில்லை. தோட்டத்துரை ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலினோர் 1894 டிசம்பரில் காலராவில் இறந்தார். ஊரைப் பார்த்தபடி இருக்கும் குன்றில் அவரை அடக்கம் செய்தார்கள். அங்கே முதலில் வந்தது கல்லறைதான். இன்று பயணிகள் படம் எடுக்கும் சி.எஸ்.ஐ. தேவாலயம் அதற்கருகில் 1910இல்தான் எழுந்தது. எலினோரின் கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதே காலராவிலும் மலேரியாவிலும் லயங்களில் மடிந்தவர்களுக்குப் பெயர் பொறித்த கல் ஏதும் இல்லை. காடு அவர்களை மூடிக்கொண்டது.

தேயிலை விளைந்தாயிற்று, அதைக் கடலுக்குக் கொண்டுபோவது எப்படி? மேற்கே கொச்சி இருந்தாலும் தொடக்க காலத்தில் மலையின் முகம் கிழக்கே, தமிழ்நாட்டைப் பார்த்தே இருந்தது. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருளும், இழுத்தவை மாடுகள். 1908இல் அதை இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றினார்கள், நீராவி எஞ்சின் வந்தது. மாட்டுப்பட்டி, பாலாறு ஆகிய நிறுத்தங்களைக் கடந்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மலை விளிம்பில் அந்த ரயில் நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன்.

அங்கிருந்து கீழே செங்குத்துச் சரிவு. தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் தொங்கவிட்டு, போடிப் பக்கத்து அடிவாரத்தில் உள்ள இன்னொரு கொட்டக்குடிக்கு இறக்கினார்கள். கொட்டக்குடி பாட்டம் ஸ்டேஷன் ஆயிற்று. இடைச்சரிவில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன். கொட்டக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி, போடியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து. போகும் வண்டியில் தேயிலை. திரும்பும் வண்டியில் மலைக்கு வேண்டிய அரிசியும் பண்டமும். போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால், அதற்கு இருபது ஆண்டு முன்பே உச்சியில் ரயில் ஓடியதன் வியப்பு புரியும்.

அந்த ரயிலின் ஆயுள் நீளவில்லை. 1924 ஜூலையில் வாரக்கணக்கில் மழை விடாமல் கொட்டியது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளம் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே இன்றும் சொல்கிறது. மாட்டுப்பட்டியில் இரு மலைகளுக்கிடையே சரிந்த மண்ணும் மரமும் தடுப்பணைபோல் அடைத்து, தேங்கிய நீர் ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு மூணாறின் மேல் பாய்ந்தது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்று ஆறும் கூடும் இடத்தில் இருந்த ஊர் சிதைந்தது. தண்டவாளம், பாலங்கள், நிலையம் எல்லாம் போயின. மாங்குளம் வழியாகச் சென்ற பழைய ஆலுவா சாலையும் அழிந்தது. ரயிலை மறுபடி கட்ட யாரும் முனையவில்லை. 1931இல் நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை திறந்தபின் மலை மெல்லக் கொச்சியின் பக்கம் திரும்பியது.

இன்று மாட்டுப்பட்டி அணைக்குமேல் ஐஸ்கிரீம் தின்றபடி படகுச்சவாரிக்குக் காத்திருக்கும் கூட்டம், இயற்கை ஓர் அணையைக் கட்டி உடைத்த இடத்தில்தான் நிற்கிறது. டாப் ஸ்டேஷனில் தேனிப் பள்ளத்தாக்கின்மேல் மேகம் மிதப்பதைப் பார்ப்பவர்கள் ஒரு சரக்கு ரயிலின் கடைசி நிலையத்தில் நிற்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் பயணத்தின் சுவை பலமடங்கு கூடும். ஓரளவு சொல்லும் இடம் நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்று அங்கே இருக்கிறது. 1913இல் செய்த கருங்கல் சூரியக் கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. அதைச் செய்தது திருநெல்வேலிச் சீமை நாசரேத்தில் இருந்த கைத்தொழில் பள்ளி. தமிழ்க் கைகள் அந்த மலைக்குக் கொடுத்தவற்றில் பெயரோடு நிற்பவை மிகச் சில. அவற்றில் அது ஒன்று.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை பலமாக எழுந்தது. அது நிறைவேறவில்லை. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் அதே ஆண்டு கேரளத்துக்குப் போனது. எல்லைக்கோடு விழுந்தது, போக்குவரத்து நிற்கவில்லை. மூணாறுக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் புழங்குகின்றன. வட்டவடைப் பூண்டும் மறையூர்ச் சர்க்கரையும் இரு மாநிலச் சந்தைக்கும் போகின்றன.

மூணாறைத் தேடிச் சுற்றுலாக்கூட்டம் பெருகியது 1990களிலிருந்து. விடுதிகள் சரிவுகளில் முளைத்தன. இரவிகுளத்தில் வரையாடு பார்க்க வரிசை நீண்டது. துரைமார் 1928இல் வேட்டைக்காகப் பாதுகாத்த அந்தப் புல்வெளிதான் 1978இல் தேசியப் பூங்கா ஆனது. அவர்களுக்கு வழிகாட்டிய முதுவர்களின் அறிவு இல்லாமல் அது காப்பாற்றப்பட்டிருக்காது. வரையாடு குட்டி போடும் காலத்தில் பூங்காவை மூடிவிட்டு, கோடைக்கூட்டம் வரும் நேரத்தில் திறக்கிறார்கள்.

இந்த அழகின் நடுவே வாழும் தொழிலாளர் வாழ்க்கை பயணிகள் கண்ணில் பட்டது மிக அபூர்வம். 2015 செப்டம்பரில் அது கட்டாயமாகப் பட்டது. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து, கொழுந்து கிள்ளும் ஆயிரக்கணக்கான பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு மூணாறு நடுச்சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற அவர்கள் இயக்கத்தின் பெயர் நாடெங்கும் பரவியது. போனஸ் அவர்கள் கேட்டபடி கிடைத்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிகுளம் பூங்காவுக்கு அப்பால் உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருக்குப் பூர்விகம் கயத்தாறு வட்டாரம். தாத்தா காலத்தில் கட்டிய லயத்தில்தான் பேரப்பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோடைப் பயணத்துக்கும் துயர நினைவு உண்டு. தொழிலாளிகள் ஏறிய குரங்கணி மலைச்சரிவில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்குச் சென்ற குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் அந்தச் சரிவின் புல் காய்ந்த சருகாக நிற்கும். மழை மறைவுப் பகுதியான அந்தப் பக்கத்தின் வெயிலும் காற்றும் எவ்வளவு கொடியவை என்பதை அங்கே மாடு மேய்ப்பவர்கள் அறிவார்கள். வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் கோடையில் அங்கே நண்பர் கூட்டம் ஏறக் கூடாது.

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்த பூப்பு 2030. அப்போது வரப்போகும் கூட்டம் இதுவரை காணாததாக இருக்கும். போடிமெட்டுச் சாலை அகலமாகிவிட்டது. போடிக்கு அகல ரயில்பாதையும் 2023இல் வந்துவிட்டது. அந்தக் கூட்டம் வருமுன் செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. டாப் ஸ்டேஷனிலும், சென்ட்ரல் ஸ்டேஷனிலும், கொட்டக்குடியிலும் ரயிலும் ரோப்வேயும் சென்ற வழியைக் காட்டும் பலகைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் நட வேண்டும். லயத்து முதியவர்களின் நினைவுகளை இப்போதே ஒலிப்பதிவு செய்து அருங்காட்சியகத்தில் கேட்கவைக்க வேண்டும். பழைய சம்பளப் பட்டியல்களிலும் கங்காணிப் பேரேடுகளிலும் எஞ்சிய பெயர்களைத் தேடித் தொகுக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் ஆளுக்கொரு பக்கமிருந்து இந்த வேலையில் கை வைத்தால் 2030க்குள் முடித்துவிடலாம்.