கொயினாவோடு சேர்ந்த ஜின்

கொல்லிமலை அரியூர் நாட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறும். நிழலில் காப்பி காய்க்கும். மிளகு, ஏலம், ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை என்று ஜின் வடிக்கத் தேவைப்படும் மணச்சரக்குகளில் பலவற்றை மலையிலும் அடிவாரச் சந்தையிலுமே வாங்கிவிடலாம். இல்லாதது ஜூனிப்பர் காய்தான். அது இமயமலையில் விளைகிறது. ஆயுர்வேதத்தில் அதற்கு ஹபுஷா என்று பெயர். ஜின்னுக்குப் பெயரும் மணமும் தந்தது அந்தக் காய்.

நெதர்லாந்துப் பக்கத்தில் மால்ட் சாராயத்தில் ஜூனிப்பரைப் போட்டு வடித்தார்கள். அதுதான் யெனேவர். முதலில் மருந்தாகத்தான் குடித்தார்கள். லெய்டன் நகர மருத்துவர் சில்வியஸ் கண்டுபிடித்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அவர் பிறந்ததே 1614ல். 1606லேயே டச்சுக்காரர்கள் யெனேவருக்கு வரி போட்டுவிட்டார்கள். ஆகவே அந்தக் கதையை விட்டுவிடலாம்.

1689ல் டச்சு வில்லியம் இங்கிலாந்தின் அரசரான பின் ஜின் லண்டனில் பெருகியது. ஏழைகளின் குடும்பங்களை அது சீரழித்தது. 1736லும் 1751லும் சட்டம் போட்டுத்தான் அடக்க வேண்டியிருந்தது. மட்டமான சாராயத்தின் வாடை தெரியாமலிருக்க இனிப்புச் சேர்த்த ஜின்தான் ஓல்ட் டாம். 1830ல் ஏனியாஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர்வடிப்புக் கலனில் சுத்தமான சாராயம் கிடைத்தது; இனிப்புக்கு வேலை இல்லாமல் போனது. அப்படி வந்ததுதான் லண்டன் டிரை. பெயரில்தான் லண்டன், எந்த ஊரிலும் வடிக்கலாம்.

நமக்கு நெருக்கமான கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. கொல்லிமலைக்கு அந்தப் பெயர் வந்ததே ஆளைக் கொல்லும் காய்ச்சலால் என்று சொல்வாரும் உண்டு. மலேரியாவுக்கு அன்றிருந்த ஒரே நல்ல மருந்து, தென்அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையில் இருக்கும் கொயினா. கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860ல் பெருவிலிருந்து சிங்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். ஊட்டித் தோட்டத்தைக் கவனித்துவந்த வில்லியம் மெக்கைவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். பட்டை உரித்த இடத்தில் பாசியைச் சுற்றிக் கட்டினால் புதுப்பட்டை வளரும் என்று கண்டவரும் அவரே. நடுவட்டத் தோட்டத்தில் வெயிலிலும் பனியிலும் உழைத்தவர்களில் மலாயாப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

கொயினா கசக்கும். 1858ல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் அதைச் சோடாவில் கலந்து டானிக்காகப் பதிவு செய்தார். ஆங்கிலேயர்கள் கசப்பை மறைக்க மருந்தோடு ஜின்னைக் கலந்தார்கள் என்பது பரவலான கதை. ஆனால் 1868ல் இந்தியாவில் வந்த ஆங்கில விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் 'ஜின் அண்ட் டானிக்' என்ற பெயர் வருகிறது. அங்கே அதைக் கேட்பவர்கள் குதிரைப் பந்தயம் பார்த்து முடித்தவர்கள், காய்ச்சல்காரர்கள் அல்லர். தாகத்துக்குப் பிறந்த பானம் என்பதே என் எண்ணம்.

இன்றைய டானிக் மருந்தாகவும் ஆகாது. அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டர் டானிக்கில் ஏறத்தாழ 83 மில்லிகிராம் கொயினாவுக்கு மேல் இருக்கக் கூடாது. மலேரியா நோயாளிக்குக் கொயினா தந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1,800 மில்லிகிராம் தருவார்கள். அந்த அளவை டானிக்கில் எடுக்க 20 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்.