பாணுக்குள் புளித்த கள்ளு

நாங்கள் சொல்லும் 'பாண்' போர்த்துக்கேயச் சொல். 1505இல் இலங்கைக்கு வந்தவர்கள் விட்டுப்போனது. அவர்கள் கோவாவில் பாண் சுடத் தொடங்கியபோது மாவைப் பொங்க வைக்க ஈஸ்ட் கிடைக்கவில்லை. அதனால் கள்ளு விட்டுக் குழைத்தார்கள்.

கள்ளில் ஈஸ்டும் பக்டீரியாவும் இயல்பாகவே இருக்கு. ஈஸ்ட் மாவை ஊதப் பண்ணும், பக்டீரியா புளிப்பைத் தரும். ஆனா நேரம் பிசகக் கூடாது. புளிப்புக் காணாவிட்டால் பாண் கல்லு மாதிரி வரும். கூடினால் மா பிடிமானம் இழந்து அமர்ந்துவிடும். வெக்கையில் எல்லாம் இன்னும் கெதியாக நடக்கும். பதத்தைக் கைதான் சொல்ல வேணும்.

புளிப்புக்குக் காரணம் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் எழுதியது 1857இல். அவரை எங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே அந்தப் பதம் அறிந்திருந்த கைகளுக்குப் பெயரே இல்லை.

யாழ்ப்பாணத்தில் அப்ப மாவுக்கும் கள்ளு விடுவது வழக்கம். கள்ளு இறக்கியவர்களைச் சாதி சொல்லி வாசலிலேயே நிறுத்திய ஊர், அந்தக் கள்ளில் பொங்கிய அப்பத்தை மட்டும் அடுப்படி வரை விட்டது. வரலாறு எண்டா கோட்டையும் மன்னரும் மட்டும்தானா?