காவல் நிலையத்து வயர்லெஸ்

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையிலுள்ள எங்கள் கொட்டாம்பட்டியில், காவல் நிலையத்து வயர்லெஸ் கரகரப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். நன்கு இயங்கும் அக்கருவியை நகரங்கள் அகற்றலாமா என்று வினவுவோர்க்கு வரலாற்றையே காட்டுவேன்.

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. தந்தித் தொடர்பு அற்றது. பயணிகளோடு புகைவண்டியை அலை கொண்டுபோன செய்திகூட வெளியுலகை உடனே எட்டவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரம் நின்றது. பல பகுதிகளில் கைப்பேசிகளும் ஊமையாயின. வயர்லெஸ்ஸிலோ கோபுரத்தின் துணையின்றியே அருகருகேயுள்ள இரு கருவிகள் நேராகப் பேசவியலும்; ஒருவர் அழைத்தால் அந்த அலைவரிசையிலுள்ளோர் அனைவரும் கேட்பர்.

புதிய கருவி தெளிவாகப் பேசும், மறுக்கவில்லை. ஒரு வடகிழக்குப் பருவமழையையேனும் அது கடக்கட்டும். அதுவரை பழையதைக் கழற்ற நான் உடன்படேன்.