பூட்டிய நிறங்கள்

வேடம் ஏற்று ஆடும் இணைய விளையாட்டுகளில் புதிதாக நுழைபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சாயமேறாத ஓர் எளிய உடையே. அதற்கு நிறம் ஊட்ட வேண்டுமானால் அலைந்து திரிந்து, பொருள் சேர்த்து, ஏதேனும் ஒரு பணியை முடித்துக் கொடுத்து, அந்த நிறத்தைத் 'திறக்க' வேண்டும். நம் மாணவர்கள் இதை 'அன்லாக்' செய்வது என்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு வெளிவந்த ரூன்ஸ்கேப் என்னும் விளையாட்டில் டிரேனார் என்ற சிற்றூரில் ஆகி என்றொரு சூனியக்காரி இருக்கிறாள். மூன்று செம்பழம் கொடுத்தால் சிவப்பும், இரண்டு வெங்காயம் கொடுத்தால் மஞ்சளும், இரண்டு வோட் இலை கொடுத்தால் நீலமும் காய்ச்சித் தருவாள். கூலி ஐந்து காசு.

இதில் நம் கவனத்தை ஈர்ப்பது அந்த வோட் இலை. அது கற்பனைச் செடி அன்று. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நீலம் எடுத்த செடி. அதில் உள்ள நிறப்பொருளும் நம் ஊர் அவுரியில் உள்ள நிறப்பொருளும் ஒன்றே. வெங்காயச் சருகிலிருந்தும் மஞ்சள் எடுக்கலாம் என்பது சாயத்தொழிலார் அறிந்ததே. ஆகவே அந்தச் சிறு விளையாட்டுக்குள் ஒரு பெரிய வரலாறு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நிறங்கள் பூட்டிக் கிடந்த காலம் உண்மையிலேயே ஒன்று இருந்தது. அந்தப் பூட்டுகள் எவை, அவற்றை எவர் திறந்தனர், திறந்ததற்கு எவர் விலை கொடுத்தனர் என்பனவற்றை இக்கட்டுரையில் சற்றே பார்ப்போம்.

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த தீர்த்தமலையிலிருந்து தொடங்கலாம். அருணகிரிநாதர் பாடிய தலம். மலைமேல் இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என ஐந்து பெயர்களில் தீர்த்தங்கள் விளங்க, அருகே தென்பெண்ணை ஓடுகிறது. இது சாயத்தொழிலால் பெயர் பெற்ற ஊர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பழைய சாயக்காரன் ஒருவன் தன் கூடையோடு இப்பகுதியில் நடந்தால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வயல்களில் மஞ்சள் விளைகிறது. மலைச்சரிவுகளில் கடுக்காய் மரம் உண்டு. மஞ்சணத்தி என்றும் வழங்கும் நுணா மேட்டுநிலம் எங்கும் காணக் கிடைப்பது. வெட்பாலையின் இலையிலிருந்தும் ஒருவகை நீலம் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக நீர். சாயத்தொழிலின் முதற்பொருள் நீரே. நிறம் அதற்குப் பின்புதான்.

மூலப்பொருள் கண்முன் கிடக்கிறது. ஆயினும் நிறம் பூட்டிக் கிடக்கிறது. ஏன்?

மிக எளிதில் திறப்பது மஞ்சள். அரைத்து நீரில் கலந்து துணியை நனைத்தால் போதும், நிறம் ஏறிவிடும். விளையாட்டின் மொழியில் சொன்னால் இது தொடக்க நிலைச் சாயம். ஆனால் எளிதில் வந்தது எளிதில் போய்விடுகிறது. வெயில் பட்டால் வெளுக்கும். சவுக்காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்து காட்டுவது இந்த மாற்றத்தைத்தான். மங்கலப் பொருளாக அதை நம் மக்கள் கொண்டாடினர். நிலைத்த சாயத்துக்கு வேறு வழி தேடினர்.

அடுத்தது சிவப்பு. தமிழகக் கடற்கரையின் புகழ்பெற்ற சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. சித்த மருத்துவத்தில் இம்பூரல் என வழங்கும் சிறு பூண்டின் வேர் அது. மணற்பாங்கான நிலத்தில், கிளிஞ்சலின் சுண்ணாம்புச் சத்து கலந்த மண்ணில் வளர்ந்த வேர் மிகச் சிறந்த நிறம் தந்தது. ஆனால் வேரைக் காய்ச்சித் துணியை முக்கினால் மட்டும் சிவப்பு நிற்காது. இங்கேதான் உண்மையான பூட்டு. துணிக்கும் நிறத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒரு பொருள் வேண்டும், அது படிக்காரம். படிக்காரம் தோய்ந்த இடத்தில் சாயவேர் சிவப்பாகப் பற்றும். இரும்புக் கரைசல் தோய்ந்த இடத்தில் கறுப்பாகும். இரண்டும் கலந்த இடத்தில் ஊதா நிறம் கொள்ளும். ஒரே கொப்பரை, ஒரே வேர். ஆனால் வெளிவரும்போது துணியில் மூன்று நிறங்கள். இந்த இரசாயனத்தை எந்த ஏட்டின் துணையுமின்றிக் கையாலும் கண்ணாலும் நாவாலும் அறிந்து வைத்திருந்தவர்கள் நம் சாயக்காரர்கள்.

அதற்கு முன்னும் ஒரு படி உண்டு. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு, இரும்போடு சேர்ந்து கறுப்பைத் தரும். பாலின் கொழுப்பு, எழுதுகோலால் இட்ட கரைசல் துணியில் பரவி ஓடாமல் காக்கும். மலைக் கடுக்காயும் கடற்கரைச் சாயவேரும் ஒரு முழத் துணியில் இவ்வாறு சந்தித்தன.

மூன்றாவது நீலம். இது எல்லாவற்றிலும் இறுக்கமான பூட்டு, ஏனெனில் அவுரி நீலம் நீரில் கரையவே கரையாது. இலையை ஊறவைத்து நொதிக்கச் செய்து, அந்த நீரை ஓயாமல் அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதைப் பிழிந்து கட்டியாக்குவார்கள். சென்னை மாகாணத்தில் பச்சை இலையைவிடக் காய்ந்த இலையைப் பயன்படுத்தும் முறையே சிறப்பாக வழங்கியது. அந்தக் கட்டியைத் துணியில் ஏற்ற மீண்டும் ஒரு தாழியில் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்து நொதிக்க வைக்க வேண்டும். அப்போது நீலம் தன் நிறத்தை இழந்து நீரில் கரையும். துணியை அதில் முக்கி எடுத்தால் மஞ்சளும் பச்சையுமாகத் தோன்றி, காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். இதைக் கண்டவர்கள் சாயத்தொழிலை மாந்திரீகம் என்று எண்ணியிருந்தால் வியப்பில்லை.

இவ்வாறு இயற்கை இட்ட பூட்டுகள் ஒருபுறம். மனிதர் இட்ட பூட்டுகளோ இவற்றினும் கடியவை. 1574-இல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசி பிறப்பித்த ஆணை, ஊதாப்பட்டை அரச குடும்பத்தாருக்கு உரியதாக்கியது. நம் நாட்டில் இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. வழக்கமே போதுமானதாக இருந்தது. துறவிக்குக் காவி, கைம்பெண்ணுக்கு வெள்ளை. வயலில் உழைத்தவனுக்கோ சாயமேறாத முரட்டுத் துணி. பல நாள் உழைப்பும் பல கைகளும் தேவைப்பட்ட நிலைத்த சிவப்பை அவன் எவ்வாறு வாங்கியிருக்க முடியும்? நிறம் ஒருவரின் நிலையைத் தூரத்திலிருந்தே அறிவித்தது. சாயத்தொட்டியில் நின்று கை சிவந்தவர்களுக்கே அந்தச் சிவப்பு உடுக்கக் கிடைத்ததா என்ற கேள்வியை இலக்கியம் பயில்வோராகிய நாம் கேட்காமல் கடந்துவிடக் கூடாது.

இனி அந்தத் திறவுகோல் கைமாறிய கதை. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் பூத்துணிகள் ஐரோப்பாவைக் கவர்ந்தன. துவைத்தாலும் போகாத நிறம் அவர்களுக்குப் புதுமை. தம் நெசவாளர்களைக் காக்க பிரான்சு 1686-இல் இத்துணிகளைத் தடை செய்தது; அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் இயற்றியது. தடை ஒருபுறமிருக்க, இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று அறியும் ஆவல் மறுபுறம் வளர்ந்தது. 1730-களில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயமிடுவோர் பணிசெய்வதைக் கண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு எடுத்துச் சேர்த்துக் குறிப்பெழுதினார். 1742-இல் இயேசு சபைத் துறவி கேர்து, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற துணி ஓவியர்களைக் கேட்டறிந்து, முழு முறையையும் ஒரு நீண்ட கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார்.

இந்தக் கேர்து நமக்கு வேறொரு வகையிலும் வேண்டியவர். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றுக்கும் உள்ள உறவை 1767-இலேயே சுட்டிக்காட்டியவர் அவர். வில்லியம் ஜோன்ஸின் புகழ்பெற்ற உரை 1786-இல்தான் நிகழ்ந்தது. சொற்களின் வேரைத் தேடிய அதே கூர்மையோடு சாயத்தின் வேரையும் தேடியிருக்கிறார். அவரது கடிதத்தைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கம் அன்று. அக்கால முறையை இவ்வளவு விரிவாக நாம் இன்று அறிவதற்கு அவரும் ஒரு காரணம். ஆயினும் வரலாற்றில் நின்றது எழுதியவர் பெயர். சொல்லிக்கொடுத்தவர்கள் 'ஞானஸ்நானம் பெற்றவர்கள்' என்ற பொதுச்சொல்லாகவே நம்மை வந்தடைகிறார்கள். தலைமுறைகள் காத்த அறிவைத் தம் குருவானவருக்குச் சொன்னபோது, அது கடல் கடந்து தம் பேரர்களின் தொழிலுக்கே போட்டியாகும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்களா? தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், பாரிசுக்கு அருகே ஜூயி என்னும் ஊரில் ஓபர்காம்ஃப் தம் துணி அச்சுத் தொழிலகத்தைத் தொடங்கினார்.

இறுதிப் பூட்டு ஆய்வுக்கூடத்தில் உடைந்தது. 1856-இல் கொயினா மருந்து செய்ய முயன்ற பதினெட்டு வயது பெர்கினுக்குக் கைதவறிக் கிடைத்தது ஓர் ஊதாச் சாயம். 1868-இல் சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை ஜெர்மானியர் இருவர் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரி வயல்கள் அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தன. செயற்கை நீலத்தை விற்ற நிறுவனத்தின் பெயரில் 'அனிலின்' என்னும் சொல் உண்டு. நம் 'நீல'மே அரபியில் 'அன்-நீல்' என்றாகி, போர்த்துக்கீசியத்தில் 'அனில்' என்றாகி, அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்த வேதியியலார் கையில் 'அனிலின்' ஆயிற்று. நீலத்தை வீழ்த்தியதும் நீலத்தின் பெயர் தாங்கிய நிறுவனமே.

இவ்விடத்தில் பழைமையை எண்ணிப் பெருமூச்சு விட்டுக் கட்டுரையை முடித்துவிடுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. பழைய சாயம் தூயது, புதியது தீயது என்பது முழு உண்மை ஆகாது. வங்கத்தில் 1859-60-இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்ததும், 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றதும் இயற்கை நீலத்தின் கொடுமையால்தான். மேலும், பொட்டலமாகக் கடைக்கு வந்த செயற்கைச் சாயம் ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. எவரும் எந்த நிறமும் உடுக்கலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. திருவிழா நாளில் தீர்த்தமலையின் படிகளில் ஏறும் கூட்டத்தைப் பாருங்கள். சிவப்பும் நீலமும் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக மலையே பூத்ததுபோல் இருக்கும். அந்தச் சேலைகளின் நிறத்தை வைத்து எவர் நிலவுடைமையாளர், எவர் கூலி என்று இன்று பிரித்தறிய இயலாது. எந்தச் சீர்திருத்தச் சட்டமும் இயற்றாத இந்தச் சமத்துவத்தைக் கரித்தாரிலிருந்து எடுத்த சாயம் ஓசையின்றி நிகழ்த்தியது. இதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் விலை? மதுரைச் சிவப்பின் பொலிவுக்கு வைகை நீரே காரணம் என்று அவ்வூர்ச் சாயக்காரர்கள் சொல்வதுண்டு. நீர்தான் நிறத்தைத் தந்தது என்ற நன்றி அச்சொல்லில் இருக்கிறது. நம் காலத்தில் அந்த உறவு தலைகீழாயிற்று. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதில் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. பயிருக்குப் பாய்ச்ச வேண்டிய நீரைக் கண்டு உழவர்கள் அஞ்சினர். வழக்குகள் நடந்தன. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடாத முறையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆலையை நம்பியிருந்த தொழிலாளர்களும் தவித்தனர். உலகெங்கும் மலிவாகக் கிடைத்த பின்னலாடையின் விலைச்சீட்டில் இவர்களின் இழப்பு எழுதப்படவில்லை.

இன்றும் விழுப்புரம் பகுதியில் அவுரி பயிராகிறது. இயற்கைச் சாயத்துணியை விரும்பி வாங்குவோர் பெருகியும் வருகின்றனர். நல்லதே. ஆனால் அத்துணியின் விலையைப் பார்த்தால் நிறம் மீண்டும் வசதி படைத்தோருக்கென்று பூட்டப்படுகிறதோ என்ற ஐயம் எழாமல் இல்லை. தூய நீர் சிலருக்கு, மலிந்த நிறம் பலருக்கு என்று பங்கு பிரிப்பதா? இரண்டையும் எல்லோருக்கும் உரியதாக்கும் வழி கழிவைச் சுத்திகரித்து அந்த நீரையே திரும்பப் பயன்படுத்துவதில் தொடங்குகிறது. அதன் செலவைத் துணி உடுப்பவர் அனைவரும் பகிர்ந்து ஏற்க வேண்டியிருக்கும்.

விளையாட்டில் ஆகி கேட்பது ஐந்து காசு. கொடுத்தவர் சாயத்தைப் பெற்றுக்கொண்டு போகலாம். கணக்கு அங்கேயே முடிந்தது. வரலாற்றில் கணக்கு அவ்வாறு முடிவதில்லை. வேர் தோண்டியவர், தொட்டியில் நின்றவர், வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர், கீழ்மடையில் பயிர் செய்தவர் என்று எங்கோ ஒருவர் நம் நிறத்துக்காகச் செலுத்திக்கொண்டே இருக்கிறார். ஐந்து தீர்த்தங்களைத் தன் பெயரில் தாங்கிய ஒரு மலை நமக்கு அருகில் இருக்கிறது. நீரை வணங்கத் தெரிந்த மக்களுக்கு அந்தக் கணக்கைத் தீர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.